வெள்ளவத்தைப் பாமசியும் என் கணுக்காலும்

கொழும்பில் வெள்ளவத்தைச் சந்தையைத் தாண்டி, காலி வீதியில் ஒரு சின்னப் பாமசி. பத்துப் பேர் வந்தால் பதினோராவது ஆள் நடைபாதையில்தான். இருக்கக் கதிரை ஒன்றே ஒன்று, அதிலும் மருந்துப் பெட்டி ஏறியிருக்கும். ஆனாலும் நான் பம்பலப்பிட்டியிலிருந்து பஸ் ஏறி இங்கேதான் வருகிறேன்.

பிறஷருக்கு அம்லோடிபின் 10 மில்லிகிராம் தொடங்கி மூன்றாம் கிழமை, பின்னேரமானால் கால் வீங்கி, செருப்பு வார் காலில் வாய்க்கால் வெட்டிவிட்டுப் போகும். அதுவரை குளிசை வாங்கிய வேறொரு கடையில் கேட்டேன். 'உப்பைக் குறையுங்கோ ஐயா' என்று, திகதி இருந்த நுனியை வெட்டியெடுத்த மட்டையை நீட்டினார்கள்.

இங்கே நின்ற மருந்தாளர் பிள்ளை, 'பெருவிரலால அமத்திப் பாருங்கோ அங்கிள்' என்றார். குழி விழுந்தது. அவர் டொக்டரின் மருந்துத் துண்டை வாசித்து முடித்தும் அது நிரம்பவில்லை. குளிசை உறையைத் திருப்பி ஒரு வட்டம் கீறினார். நாடியின், அதாவது இதயத்திலிருந்து இரத்தம் கொண்டுவரும் குழாயின், உட்புறத்தில் ஒற்றைக் கலத் தடிப்பில் ஒரு படை. அதிலிருந்து நைத்திரிக் ஒட்சைட்டு வெளித் தசைக்குப் போனால் தசை தளரும், நாடி விரியும். பிறஷர் கூடிக் கிடந்தால் அந்தப் படை சோர்ந்துவிடும். (இந்த வாயுவின் வேலையைக் கண்டுபிடித்ததற்கு 1998இல் மூன்று அமெரிக்கர்களுக்கு நோபல் பரிசு. இரசாயன வாத்தியாரான நான் அதை வாகனப் புகையோடு சேர்த்தே முப்பது வருடம் படிப்பித்தேன்!)

அம்லோடிபின் நேரே தசைக்குப் போகிறது. கல்சியம் நுழையும் வாசலைச் சாத்திவிடும், தசை சுருங்காது. சிக்கல் என்னவென்றால், சின்ன நாடிகள் விரிகிற அளவுக்கு, இரத்தத்தை இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுபோகும் நாளங்கள் விரிவதில்லை. இரண்டுக்கும் நடுவிலுள்ள மயிர்க்குழாய்களில் அழுத்தம் ஏறி, நீர் கணுக்காலில் கசிகிறது. உப்புப் பாவம்.

பிறஷருக்கே கொடுக்கும் எனலாப்ரில் வேறு மாதிரி. நாடியை இறுக்கும் ஆஞ்சியோடென்சினைக் குறைக்கும், பிராடிகைனினை அழியவிடாது. பிராடிகைனின் உட்படையைத் தூண்டி நைத்திரிக் ஒட்சைட்டை வரவைக்கும். அதே சாமான்தான் வறட்டு இருமலையும் கிளப்புகிறது. எனலாப்ரில் போட்ட என் மனைவி ஆறு மாதம் ஏன் இருமினா என்று அன்றைக்குத்தான் விளங்கியது. லொசார்டன் என்ற இன்னொரு பிறஷர் குளிசை பிராடிகைனினைத் தொடுவதில்லை, அந்த இருமலும் குறைவு.

குளிசையை மாற்றித் தருவார் என்று பார்த்தேன். தரவில்லை. 'நிப்பாட்டவும் வேண்டாம், டொக்டரிட்டக் காட்டுங்கோ' என்று கீறிய உறையையே தந்துவிட்டார். டொக்டர் அம்லோடிபினை 5 ஆக்கி, நாளங்களையும் கொஞ்சம் தளர்த்தும் என்று லொசார்டன் 50 சேர்த்தார். இரண்டு கிழமையில் வாய்க்கால் தூர்ந்தது.

விலையில் அரச மருந்துக்கடையான ஒசுசல கொஞ்சம் மலிவு. இங்கே மிச்சக் காசுக்கு டொபி தருவார்கள், சீனி வருத்தக்காரர் கவனம். ஞாயிறு பூட்டு. அப்புறம், நாலரைக்கு முதல் போங்கள், அந்தப் பிள்ளை அதற்குப் பிறகு நிற்பதில்லை.