13 ரூபாயில் இருவருக்கு மதியச் சாப்பாடு: அம்மா உணவகம்

ஞாயிற்றுக்கிழமை மதியம் அக்காவும் நானும் சேர்ந்து சாப்பிடும் இடம் அம்மா உணவகம். ஏறக்குறைய இரண்டு ஆண்டுகளாகப் போய்வருகிறோம். வாங்குவது எப்போதும் ஒன்றுதான்: சாம்பார் சாதம் இரண்டு, தயிர் சாதம் ஒன்று. சாம்பார் சாதம் 5 ரூபாய், தயிர் சாதம் 3 ரூபாய். ஆக மொத்தம் 13 ரூபாய்.

நான் கல்விக் கடனில் பொறியியல் படிக்கிறேன். 4 லட்சம் ரூபாய் வரை பிணை வேண்டியதில்லை என்பதால் 3 லட்சத்து 80 ஆயிரத்தோடு நிறுத்திக்கொண்டோம். அந்தப் பணம் வங்கியிலிருந்து நேராகக் கல்லூரிக் கணக்குக்குப் போய்விடும். படிப்பு முடிந்து ஓராண்டு வரை தவணை கட்ட வேண்டாம் என்றாலும், வட்டி ஏறிக்கொண்டுதான் இருக்கும். இரண்டாம் ஆண்டில் வங்கி பணம் விடுவிக்கத் தாமதமானபோது அப்பா ஊரில் கைமாற்று வாங்கி அனுப்பினார். அதை அடைப்பதற்காக விடுதியைக் காலி செய்துவிட்டு, சைதாப்பேட்டையில் நான்கு நண்பர்களோடு ஓர் அறைக்கு வந்தேன். என் பங்கு வாடகையை அக்காதான் தருகிறாள். கணிதத்தில் பி.எஸ்சி. முடித்துவிட்டுக் குரூப் 4 தேர்வுக்குப் படிக்கிறாள். பகலெல்லாம் கோட்டூர்புரத்தில் அண்ணா நூற்றாண்டு நூலகம், மாலையில் டியூஷன். அந்த டியூஷன் பணம்தான் எனக்கு வருகிறது.

விடுதியை விட்டு வந்த முதல் வாரம், அக்கா என்னை ஓர் ஓட்டலுக்கு அழைத்துப்போனாள். அளவுச் சாப்பாடு 120 ரூபாய். ஒரு சாப்பாட்டுக்கு மட்டும் சொன்னாள். "நீ சாப்பிடு, நான் வரும்போதே சாப்பிட்டுவிட்டேன்" என்றாள். அப்பளத்தில் பாதியை உடைத்துக் கொடுத்தேன். அதை வைத்துக்கொண்டு இரண்டு டம்ளர் தண்ணீர் குடித்தாள். எனக்குச் சோறு இறங்கவில்லை. பாதியிலேயே போதும் என்று கையை எடுத்தேன். "வீணாக்கக் கூடாது" என்று தட்டைத் தன் பக்கம் இழுத்தவள், ரசம் ஊற்றிப் பிசைந்து ஒரு பருக்கை மிச்சமில்லாமல் சாப்பிட்டு முடித்தாள். அவள் காலையிலிருந்தே ஒன்றும் சாப்பிடவில்லை என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

மறு வாரம் நான்தான் அம்மா உணவகத்துக்கு அழைத்துப்போனேன். டோக்கன் வாங்கும் இடத்தில் அவள் பர்ஸைத் திறந்து யோசிக்கவில்லை. "இரண்டு சாம்பார், ஒரு தயிர்" என்றாள். தனக்கும் சேர்த்துக் கேட்டாள்.

சாப்பாட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். சாம்பார் சாதம் குழைவாக, சூடாக வரும். 12 மணிக்குத் திறந்ததும் போனால் தட்டைக் கையில் பிடிக்க முடியாது. என்னைக் கேட்டால் தயிர் சாதம்தான் முதலிடம். அம்மா ஊரிலிருந்து பஸ்ஸில் கொடுத்தனுப்பும் உப்பு நார்த்தங்காயை அக்கா காகிதத்தில் மடித்துக் கொண்டுவருவாள். ஒரே துண்டுதான். அதை நகத்தால் இரண்டாகக் கிள்ளி, தோல் தடித்த பக்கத்தை என் ஓரத்தில் வைப்பாள். எனக்கு அந்தப் பக்கம்தான் பிடிக்கும் என்பது சின்ன வயதிலிருந்தே அவளுக்குத் தெரியும். தயிர் சாதத்தை மட்டும் ஒரே தட்டில், ஆளுக்கு ஒரு பக்கமாகச் சாப்பிடுவோம்.

காலையில் இட்லி 1 ரூபாய், பொங்கல் 5 ரூபாய். வார நாட்களில் நான்கு இட்லியோடு கல்லூரிக்குப் போய்விடுகிறேன். இரவில் இரண்டு சப்பாத்தி பருப்புக் கடையலோடு 3 ரூபாய். 2013 பிப்ரவரியில் சாந்தோமில் முதல் உணவகம் திறந்தபோது இட்லி என்ன விலையோ, அதே விலைதான் இன்றும். இந்தக் காசில் அரிசி விலைகூடக் கட்டாது. மீதியை மாநகராட்சி ஏற்கிறது. ஆட்சி மாறிய பிறகும் இதை மூடாமல் நடத்துவதை நான் மனதாரப் பாராட்டுகிறேன்.

நின்றுகொண்டுதான் சாப்பிட வேண்டும். வயதானவர்களை அழைத்துப்போகிறவர்கள் இதை யோசித்துக்கொள்ளுங்கள். பார்சல் கிடையாது. அந்த விதி சரி என்றே நினைக்கிறேன். இல்லாவிட்டால் மொத்தமாக வாங்கி வெளியே விற்கிறவர்கள் வந்துவிடுவார்கள், ஆட்டோ ஓட்டுகிறவருக்கும் கட்டட வேலைக்குப் போகிறவருக்கும் மிஞ்சாது.

சமைப்பதும் பரிமாறுவதும் மகளிர் சுய உதவிக் குழுப் பெண்கள். நாங்கள் போகும் இடத்தில் பரிமாறும் அம்மா ஒருவர், முதல் மாதமே எங்களை அடையாளம் தெரிந்துகொண்டார். தேர்வு நாளில் நான் தனியாகப் போனபோது, "அக்கா வரலையா தம்பி?" என்று கேட்டுவிட்டுத்தான் கரண்டியை எடுத்தார்.

ஞாயிறு இரவு அம்மா போன் செய்வாள். "இரண்டு பேரும் சேர்ந்தா சாப்பிட்டீர்கள்?" என்பதுதான் முதல் கேள்வி. அக்கா போனை என்னிடம் கொடுத்து என்னையே பதில் சொல்லச் சொல்வாள்.

டோக்கனுக்கு முறை வைத்திருக்கிறோம். போன வாரம் அவள் கொடுத்தாள். வரும் ஞாயிறு 13 ரூபாய் என்னுடையது.