தரைத்தள வீட்டில் சிக்னல் பூஸ்டர்: ஏழு வாரங்களுக்குப் பின் ஒரு மதிப்பீடு

சென்னையின் தென்புறநகர் ஒன்றில், நான்கு மாடிக் குடியிருப்பின் தரைத்தளத்தில் எங்கள் வீடு இருக்கிறது. பரப்பு 900 சதுர அடி. வெளிச்சுவர் ஒன்பது அங்குலச் செங்கல் கட்டு. எல்லாச் சன்னலுக்கும் இரும்புக் கம்பி. கிழக்கே நான்கடி இடைவெளியில் அடுத்த கட்டடம். வாசல் கேட்டருகே நின்றால் தெளிவாகப் பேச முடிகிற கைப்பேசி, வரவேற்பறைக்குள் வந்ததும் திணறும், படுக்கையறையில் செத்துவிடும். என் மாமனார் தம் கைப்பேசியைப் பூஜை அறைச் சன்னல் விளிம்பில் ஒரு எவர்சில்வர் டம்ளருக்குள் நிறுத்தி வைத்திருப்பார். அந்த ஓரிடத்தில் மட்டும்தான் மணி அடிக்கும் என்பது அவர் கண்டுபிடிப்பு. டம்ளருக்கும் அதற்கும் தொடர்பில்லை, சன்னல்தான் காரணம் என்று எவ்வளவு சொல்லியும் அவர் ஏற்கவில்லை.

மருத்துவமனையிலிருந்து வந்த முக்கியமான அழைப்பு ஒன்று தவறிப்போன பிறகுதான் பூஸ்டர் வாங்கும் எண்ணம் வந்தது. நகரின் மின்னணுக் கடைத்தெருவில் கண்காணிப்புக் கேமரா விற்கும் கடை ஒன்றில், பெயர் தெரியாத இறக்குமதிப் பெட்டி ஒன்றைப் பொருத்தும் கூலியோடு சேர்த்து 6,800 ரூபாய்க்கு வாங்கினேன். மொட்டை மாடியில் வைக்க மீன்முள் வடிவ ஆண்டெனா ஒன்று, அலையைப் பெருக்கும் உலோகப் பெட்டி, வீட்டுக்குள் மாட்ட வெள்ளைத் தட்டு ஆண்டெனா, இவற்றை இணைக்கப் பதினைந்து மீட்டர் கேபிள் ஆகியவை அந்தத் தொகுப்பில் இருந்தன. 900, 1800, 2100 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசைகளில் இயங்கும், 70 டெசிபெல் பெருக்கம் தரும், 3,000 சதுர அடிக்குப் போதும் என்று அட்டையில் அச்சிட்டிருந்தது. மூன்றாவது வாக்கியத்தை வாங்கும்போதே நம்பவில்லை.

இதன் வேலை எளிமையானது. வெளியே நன்றாகக் கிடைக்கும் அலையை மாடி ஆண்டெனா பிடிக்கிறது. பெட்டி அதைப் பெருக்குகிறது. உள் ஆண்டெனா அதை அறைக்குள் பரப்புகிறது. கைப்பேசி அனுப்பும் பதில் அலையும் அதே வழியாகத் திரும்பிக் கோபுரத்துக்குப் போகிறது. ஆகவே மாடியிலேயே சிக்னல் இல்லாத வீட்டுக்கு இதனால் பயனில்லை. வாங்குவதற்கு முன் மாடிக்கு ஏறிக் கைப்பேசியில் அளந்து பார்ப்பது அவசியம். இந்த அளவு டிபிஎம் என்ற அலகில், மைனஸ் குறியோடு வரும். பூஜ்யத்துக்கு நெருங்க நெருங்க நல்லது. எங்கள் மொட்டை மாடியில் மைனஸ் 78 காட்டியது, படுக்கையறையில் மைனஸ் 114. இடைவெளி 36 தானே என்று எண்ணிவிடக் கூடாது. இந்த அளவுகோலில் ஒவ்வொரு மூன்று டெசிபெல் குறைவுக்கும் ஆற்றல் பாதியாகிறது என்பதால், மாடிக்கு வருவதில் ஏறத்தாழ நாலாயிரத்தில் ஒரு பங்குதான் எங்கள் படுக்கையறையை எட்டியது. கான்கிரீட் தளங்களும் அவற்றுக்குள் பின்னிய கம்பிகளும் மிச்சத்தைத் தின்றுவிட்டன.

பொருத்த வந்த இளைஞர் மாடி வரை கேபிள் எட்டாது என்று சொல்லி, வெளி ஆண்டெனாவை எங்கள் சன்னலுக்கு மேலுள்ள சன்ஷேடிலேயே திருகிவிட்டு, "இதுவே போதும் சார், ஃபுல் டவர் வரும்" என்றார். முழுக் கோடுகள் வரத்தான் செய்தன. ஆனால் எந்த அழைப்பும் முப்பது நொடியைத் தாண்டவில்லை, பெட்டியில் சிவப்பு விளக்கு அணையாமல் எரிந்தது. காரணம் பிறகு புரிந்தது. கோயில் திருவிழாவில் மைக்கை ஒலிபெருக்கிக்கு முன்னால் கொண்டுபோனால் ஊளையிடுமே, அதே சங்கதிதான். உள் ஆண்டெனா பரப்புவதை வெளி ஆண்டெனா கேட்டு மீண்டும் பெட்டிக்கு அனுப்ப, பெட்டி அதையே பெருக்கிப் பெருக்கித் தனக்குள் ஊளையிட்டுக்கொண்டிருந்தது. இரண்டு ஆண்டெனாக்களுக்கும் இடையிலான தடுப்பு, பெட்டியின் பெருக்கத்தைவிடக் கணிசமாக அதிகமாக இருந்தால்தான் இது நேராது. ஒரு சன்னலுக்கு இந்தப் புறமும் அந்தப் புறமும் மாட்டினால் அந்தத் தடுப்புக்கு எங்கே போவது? தரமான பெட்டிகள் இந்த நிலையை உணர்ந்து தாமாகவே பெருக்கத்தைக் குறைத்துக்கொள்ளும் அல்லது அணைந்துவிடும். எங்களுடையது விளக்கை மட்டும் எரித்தது. பெட்டி இப்படி ஓடிய நான்கு நாட்களும் மேல்தளத்து வீடுகளில் அழைப்புகள் அறுந்துகொண்டே இருந்தன என்பது பிறகுதான் எங்களுக்குத் தெரிய வந்தது.

குடியிருப்போர் சங்கத்தில் அனுமதி பெற்று, இன்னொரு பதினைந்து மீட்டர் கேபிளை ஒட்டுப்போட்டு, ஆண்டெனாவை மொட்டை மாடிக்கு ஏற்றினோம். இதற்கும் விலை உண்டு. தொகுப்போடு வருவது தொலைக்காட்சிக் கேபிளைப் போன்ற மெல்லிய ரகம். 1800 மெகாஹெர்ட்ஸில் பத்து மீட்டர் போவதற்குள் ஏறத்தாழ மூன்று டெசிபெல் இழக்கிறது, அதாவது முப்பது மீட்டரில் பிடித்த அலையில் எட்டில் ஒரு பங்குதான் பெட்டிக்கு வந்து சேர்கிறது. இருந்தும் முன்னேற்றம் மறுக்க முடியாதது. தட்டு ஆண்டெனாவுக்கு நேர்கீழே மைனஸ் 84, வரவேற்பறையில் மைனஸ் 96, சமையலறையில் மைனஸ் 109 கிடைத்தன. உருப்படியாகப் பேச முடிந்த இடம் சுமார் 450 சதுர அடி, அதாவது விளம்பரப்படுத்தியதில் ஆறில் ஒரு பங்குக்கும் சற்றுக் கீழே. இந்த விலைக்கு அதைக் குறையென்று சொல்ல மாட்டேன்.

இணைய வேகத்தை எதிர்பார்த்து வாங்குவோர் ஏமாறுவார்கள். பெட்டி தனக்குத் தெரிந்த மூன்று அலைவரிசைகளை மட்டுமே பெருக்கும். இந்தியாவில் 4ஜி சேவை 850, 2300 மெகாஹெர்ட்ஸ்களிலும் இயங்குகிறது. 5ஜியோ பெரும்பாலும் 3300க்கு மேலே. ஜியோவின் 4ஜி 850, 1800, 2300 ஆகிய மூன்றில் இருப்பதால், ஜியோ சிம் உள்ள என் மனைவியின் கைப்பேசிக்கு 1800 மட்டுமே பெருகிக் கிடைத்தது. அவர் கைப்பேசி பல நேரம் பலவீனமான வேறொரு அலையைப் பற்றிக்கொண்டு அடம்பிடித்தது. கடைக்காரர்கள் "எல்லா நெட்வொர்க்குக்கும் வேலை செய்யும்" என்று சொல்வதன் உண்மையான பொருள் இவ்வளவுதான்.

ஆக, குரல் அழைப்புக்கு இது வேலை செய்கிறது. ஆனாலும் வாங்காதீர்கள் என்றே சொல்கிறேன்.

மாடிக்கு மாற்றிய மூன்றாவது வாரம், கையில் ஆண்டெனாவும் அளவுகருவியும் ஏந்திய இரண்டு பொறியாளர்கள் எங்கள் தெருவில் வீடுவீடாகத் தேடிக்கொண்டு வந்தார்கள். அருகிலுள்ள கோபுரம் ஒன்றில் இடையூறு அதிகரித்து, சுற்றுவட்டாரத்தில் அழைப்புகள் பாதிக்கப்படுவதாகவும், அதன் ஊற்று எங்கள் மொட்டை மாடி என்றும் அவர்கள் கருவியில் காட்டினார்கள். கோபுரம் என்பது ஆயிரக்கணக்கான கைப்பேசிகளின் மெல்லிய குரலைக் காதைத் தீட்டிக்கொண்டு கேட்கும் இடம். அருகிலிருக்கும் கைப்பேசியைச் சன்னமாகவும் தொலைவிலிருப்பதை உரக்கவும் பேசச் சொல்லி, எல்லோர் குரலையும் அது ஒழுங்குபடுத்துகிறது. மலிவான பூஸ்டருக்கு அந்தக் கட்டளை எதுவும் புரியாது. வீட்டில் யாரும் பேசாத நேரத்திலும் அலைவரிசை முழுவதற்கும் இரைச்சலை அனுப்பிக்கொண்டே இருக்கும். ஒருவர் கிசுகிசுப்பதைக் கேட்க முயலும்போது பக்கத்தில் மிக்ஸி ஓடினால் எப்படியோ அப்படி. எங்கள் வீட்டில் நான்கு பேர் நன்றாகப் பேசுவதற்காகத் தெருவே கேட்க முடியாமல் தவித்திருக்கிறது. அன்றே அணைத்துவிட்டேன்.

சட்டமும் இதில் தெளிவாகவே இருக்கிறது. கடையில் அதைச் சொல்ல மாட்டார்கள். 1933ஆம் ஆண்டின் வயர்லெஸ் தந்திச் சட்டக் காலத்திலிருந்தே உரிமமின்றி இத்தகைய கருவியை வைத்திருப்பது தடைசெய்யப்பட்டது. 2023ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டமும் வானலைக் கருவி வைத்திருக்க அரசின் அனுமதியைக் கோருகிறது. உரிமம் பெற்ற தொலைத்தொடர்பு நிறுவனங்களைத் தவிர வேறு எவரும் மொபைல் பூஸ்டரை வைத்திருப்பதோ விற்பதோ பயன்படுத்துவதோ சட்டவிரோதம் என்று மத்தியத் தொலைத்தொடர்புத் துறை 2022 ஜனவரியில் பொது அறிவிப்பே வெளியிட்டது. பணத்தைத் திருப்பிக் கேட்டபோது, "நீங்க கேட்டீங்க, நாங்க கொடுத்தோம்" என்று பதில் வந்தது. சட்டவிரோதமான பொருளுக்கு உத்தரவாதம் கேட்கப் போன என் அறியாமையையும் இங்கே குறித்துவிடுகிறேன்.

அமெரிக்காவிலோ இங்கிலாந்திலோ வாழும் உறவினர் தம் வீட்டில் மாட்டியிருப்பதைக் காட்டிப் பரிந்துரைத்தால், அங்கே விதியே வேறு என்பதை நினைவில் கொள்ளவேண்டும். அமெரிக்காவில் 2013இல் வகுத்த விதிகளின்படி, வலைப்பின்னலுக்குக் கேடு செய்யாதபடி வடிவமைத்துச் சான்று பெற்ற பெட்டிகளை மட்டுமே விற்கலாம். வாங்கியவர் தம் சேவை நிறுவனத்திடம் பதிவும் செய்யவேண்டும். இங்கிலாந்தில் குறிப்பிட்ட தரத்தை எட்டும் கருவிகளுக்கு மட்டும் 2018இலிருந்து தனி உரிமம் தேவையில்லை. அங்கே வாங்கிப் பெட்டியில் வைத்து இங்கே கொண்டுவந்தாலும் அந்தச் சலுகை கூடவே விமானம் ஏறாது.

இப்போது எங்கள் வீட்டில் இருப்பது வைஃபை காலிங். ஏர்டெல் 2019 டிசம்பரிலும் ஜியோ 2020 ஜனவரியிலும் இதைத் தொடங்கின; வீட்டில் ஃபைபர் இணைப்பு வைத்துக்கொண்டே இத்தனை நாள் இதை இயக்காமல் இருந்ததுதான் இந்தக் கதையின் வெட்கக்கேடு. கைப்பேசி அமைப்புகளில் சிம் பகுதிக்குப் போய் ஒரு பொத்தானைத் தள்ளினால் போதும். வழக்கமான எண்ணிலேயே, வழக்கமான திட்டத்திலேயே, கோபுரத்துக்குப் பதிலாகப் பிராட்பேண்ட் வழியாக அழைப்பு போகிறது. எதிர்முனையில் இருப்பவருக்கு எந்தச் செயலியும் வேண்டாம். குரல் தெளிவு பூஸ்டரில் கிடைத்ததைவிட மேல். வங்கிக் குறுஞ்செய்திகளும் எங்கள் கைப்பேசிகளுக்கு இவ்வழியே வந்துவிடுகின்றன.

குறை இல்லாமல் இல்லை. பேசிக்கொண்டே வீட்டிலிருந்து தெருவுக்கு நடந்தால், வைஃபையிலிருந்து கோபுரத்துக்குத் தாவும் அந்த நொடியில் பத்துக்கு இரண்டு முறை அழைப்பு அறுகிறது. ரவுட்டர் எட்டாத மூலைப் படுக்கையறைக்கு இரண்டாவது ரவுட்டர் ஒன்று தேவைப்பட்டது. மின்சாரம் போனால் ரவுட்டரும் போகும் என்பதால், இன்வெர்ட்டர் இணைப்பு இல்லாத அந்த மூலைக்கு 12 வோல்ட் சிறு யுபிஎஸ் ஒன்றையும் வாங்கினேன். எல்லாம் சேர்த்துச் செலவு பூஸ்டருக்குக் கொடுத்ததில் ஏறக்குறைய பாதி. பழைய கைப்பேசிகள் சிலவற்றில் இந்த வசதி இருக்காது. வாங்கும் முன் கைப்பேசி மாதிரியைச் சேவை நிறுவனத்தின் பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்ப்பது நல்லது.

பெரிய குடியிருப்புகளுக்கு வேறு வழி உண்டு. வணிக வளாகங்களிலும் மென்பொருள் வளாகங்களிலும் தளத்துக்குத் தளம் சிறு ஆண்டெனாக்களைப் பதித்துச் சேவை நிறுவனங்களே கட்டடத்துக்குள் சிக்னல் தருகின்றன. அதே ஏற்பாட்டைக் குடியிருப்போர் சங்கமும் எழுத்து மூலம் கோரலாம். கட்டடங்களை டிஜிட்டல் இணைப்பு வசதியின் அடிப்படையில் தரம்பிரிக்கும் விதிமுறைகளைத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2024 அக்டோபரில் வெளியிட்டிருக்கிறது. இனி புதிதாக வீடு வாங்குகிறவர்கள் தண்ணீரையும் வாகன நிறுத்தத்தையும் கேட்பதுபோல இதையும் கேட்கலாம். இருபது வீடுகள் மட்டும் உள்ள எங்கள் சங்கத்தின் கடிதத்துக்கு இதுவரை பதில் இல்லை.

மிச்சம் இருந்தது மாமனாரின் பொத்தான் கைப்பேசி. அதில் வைஃபையே கிடையாது. மாற்றிக்கொள்ளவும் அவர் சம்மதிக்கவில்லை. ஃபைபர் இணைப்போடு வந்த தரைவழித் தொலைபேசி எண்ணைப் பரணிலிருந்து எடுத்த பழைய கருவியில் இணைத்தோம். அவருடைய கைப்பேசியில் **62* என்று தொடங்கி, அந்த எண்ணை எழுதி, # இட்டு அழைத்ததும், கைப்பேசி எட்டாத நேரத்தில் வரும் அழைப்பெல்லாம் தரைவழித் தொலைபேசிக்குத் திரும்பிவிடுகிறது. அது ஒலிக்கும் சத்தம் அவருக்குப் பிடித்திருக்கிறது. குறுஞ்செய்தி மட்டும் இப்படித் திரும்புவதில்லை. வங்கியிலிருந்து கடவுச்சொல் வரவேண்டியிருந்தால், இப்போதும் அவர் கைப்பேசியை டம்ளருக்குள் போட்டுச் சன்னலோரம் வைத்துவிட்டுக் காத்திருக்கிறார்.