சென்சாரா, ஆப்பா, குறுஞ்செய்தியா: சுகரைப் பார்த்துக்கொள்ள எது கைகொடுக்கும்?

சுகர் நோயாளி டாக்டர் முன்னால் உட்காருவது மாதத்துக்குப் பத்து நிமிடம் இருந்தால் பெரிது. மற்ற நேரமெல்லாம் சாப்பாடு, நடை, மாத்திரை எல்லாமே அவர் பொறுப்பு. 2023இல் வெளிவந்த, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) இண்டியாப் ஆய்வு, இந்தியாவில் 10 கோடிப் பேருக்கு மேல் சர்க்கரை நோய் இருப்பதாக மதிப்பிட்டது. இத்தனை பேருக்கும் கூடவே இருந்து சொல்லித்தர ஆள் கிடையாது. அதனால்தான் எல்லோரும் போனை நம்புகிறார்கள். சரி, எந்த வழி யாருக்கு உதவும்?

வீட்டிலேயே விரலைக் குத்திப் பார்க்கும் குளுக்கோமீட்டரில் தொடங்கலாம். அமெரிக்காவின் வட கரோலினாவில், இன்சுலின் போடாத டைப் 2 (பெரும்பாலும் பெரியவர்களுக்கு வரும் வகை) நோயாளிகள் 450 பேரை மூன்று பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவினர் வீட்டில் டெஸ்டே செய்யவில்லை. அடுத்த பிரிவினர் தினம் ஒருமுறை செய்தார்கள். மூன்றாவது பிரிவினருக்கு, ஒவ்வொரு டெஸ்டுக்கும் மீட்டரிலேயே ஒரு செய்தி வந்தது. ஓராண்டு கழித்துப் பார்த்தால், மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி அளவில் மூன்று பிரிவுக்கும் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. 2017இல் வந்த இந்த முடிவு எனக்கு ஆச்சரியம் தரவில்லை. காலையில் வெறும் வயிற்றில் 168 என்று காட்டினால், அதை வைத்துக்கொண்டு அன்றைக்கு எதை மாற்றுவது? ஒரே வேளைச் சாப்பாட்டுக்கு முன்பும், இரண்டு மணி நேரம் கழித்தும் பார்த்தால் அந்தச் சாப்பாடு என்ன செய்தது என்றாவது தெரியும்.

அந்த இடத்தில் சென்சார் பல படி மேலே நிற்கிறது. சுகரை விடாமல் அளந்து போனில் காட்டும் ஃப்ரீஸ்டைல் லிப்ரே போன்றவற்றை மேல்கையின் பின்பக்கம் ஒட்டினால் 14 நாள் தாங்கும். எட்டு மணிக்கு வெண்பொங்கல் சாப்பிட்டவர் ஒன்பது மணிக்குப் போனைத் திறக்கிறார். கோடு செங்குத்தாக ஏறிக்கொண்டிருக்கிறது, பக்கத்தில் மேல்நோக்கி ஒரு அம்புக்குறி. மறுநாள் அதே பொங்கலைப் பாதி அளவு சாப்பிட்டு, இருபது நிமிடம் நடந்துவிட்டு வந்தால் கோடு தாழ்வாக நிற்பதையும் அவரே பார்க்கலாம். நாலு தடவை சொல்லியும் ஏறாத விஷயம் இப்படிச் சட்டென்று புரிந்துவிடும். நீண்ட நேரம் வேலை செய்யும் இன்சுலினை மட்டும் போடும் டைப் 2 நோயாளிகளிடம் நடந்த ஆய்வு 2021இல் வெளியானது. எட்டு மாதத்தில் சென்சார் பிரிவின் ஹெச்பிஏ1சி 9.1இலிருந்து 8.0 ஆனது. விரலில் குத்திப் பார்த்தவர்களுக்கு 9.0இலிருந்து 8.4.

குறை, விலைதான். மாதம் இரண்டு சென்சார் வாங்குவது பெரும்பாலான குடும்பங்களுக்குக் கட்டாது. மாத்திரை மட்டும் சாப்பிடுபவர் எப்போதாவது ஒரு சென்சார் ஒட்டிப் பாடம் கற்றுக்கொண்டால் போதும் என்பது என் கருத்து. உடலில் இன்சுலினே சுரக்காத டைப் 1 பிள்ளைகளுக்கு அப்படியில்லை, அவர்களுக்குத் தொடர்ந்து வேண்டும். ஒன்று நினைவிருக்கட்டும்: சென்சார் அளப்பது ரத்தத்தை அல்ல, திசுக்களுக்கு இடையிலுள்ள திரவத்தை. அதனால் சில நிமிடம் பின்தங்கிக் காட்டும். சுகர் இறங்கியதுபோல் வியர்த்துக் கை நடுங்கும்போது, சுகர் சரியாக இருப்பதாகச் சென்சார் சொன்னால், விரலில் ஒருமுறை குத்திப் பார்த்துவிட வேண்டும்.

ஆப்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். அமெரிக்காவின் மேரிலாந்தில் நடந்து 2011இல் வெளியான ஆய்வில், போன் வழிப் பயிற்சி பெற்றவர்களில் முழு வசதியும் கிடைத்த பிரிவுக்கு ஓராண்டில் ஹெச்பிஏ1சி 1.9 புள்ளி குறைந்தது. வழக்கமான சிகிச்சையில் இருந்தவர்களுக்கு 0.7 மட்டும். நல்ல முடிவுதான். ஆனால் மென்பொருளுக்குப் பின்னால் பயிற்சி பெற்ற ஆட்களும் இருந்தார்கள், விவரங்கள் டாக்டருக்கும் போயின. ஒரு கரண்டி சாம்பாரையும் நாமே தட்டச்சு செய்து, அதை யாரும் பார்க்காத இலவச ஆப்பிடம் இதே பலனை எதிர்பார்க்க முடியாது.

குறுஞ்செய்தியை யாரும் பெரிதாக நினைப்பதில்லை. ஆனால் சென்னை ஆய்வாளர்கள் சர்க்கரை நோயின் விளிம்பில் இருந்த 537 ஆண்களிடம் இரண்டு ஆண்டு நடத்திய சோதனை 2013இல் வெளியானது. சாப்பாடு, உடற்பயிற்சி பற்றிய குறுஞ்செய்தி பெற்றவர்களில் 18 சதவீதம் பேருக்கும், பெறாதவர்களில் 27 சதவீதம் பேருக்கும் நோய் வந்தது. சாதாரண போனே இதற்குப் போதும். இது தடுப்புக்கான சோதனை, ஏற்கெனவே நோய் உள்ளவர்களுக்கும் அப்படியே பொருந்தும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

என்னைக் கேட்டால், அரசோ மருத்துவமனையோ செலவழிக்க வேண்டியது இன்னொரு வழிக்கு. இந்தியாவிலும் பாகிஸ்தானிலும் பத்து மருத்துவ மையங்களில், நோயாளிகளைத் தொடர்ந்து விசாரிக்கும் ஒருங்கிணைப்பாளரையும் டாக்டருக்கு யோசனை சொல்லும் மென்பொருளையும் சேர்த்துக் கொடுத்தார்கள். முடிவு 2016இல் வந்தது: சர்க்கரையோடு ரத்த அழுத்தம் அல்லது கொழுப்பையும் இலக்குக்குள் கொண்டுவந்தவர்கள், வழக்கமான சிகிச்சையில் இருந்தவர்களைவிடச் சுமார் இரண்டு மடங்கு. தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில், சுகர் மாத்திரையோடு வீட்டு வாசலுக்கே ஆள் வருகிறார். நோயாளி எடுத்த அளவுகளை அவர் போனில் பதிந்து, டாக்டரின் பதிலை அடுத்த முறை வரும்போது சொல்லிவிட்டுப் போகலாம்.