பழைய நாளைக் கூப்பிட: வாசனையா, பாட்டா?

பழைய நாட்களுக்குள் நம்மைத் தள்ளிவிடுவதில் இரண்டுக்கும் போட்டி வைத்தால், ஆழத்தில் வாசனைதான் ஜெயிக்கும். பார்ப்பது, கேட்பது எல்லாம் மூளை நடுவில் இருக்கும் தாலமஸ் என்ற இடைநிலையம் வழியாகத்தான் மூளையின் மேல்பகுதிக்குப் போகின்றன. மணத்துக்கு அந்தச் சுற்றுவழி தேவையில்லை. மூக்கை அடுத்த முகர்வுக் குமிழிலிருந்து நேராக, உணர்ச்சியைக் கவனிக்கும் அமிக்டலாவுக்குப் போய்விடுகிறது. 2000-இல் லிவர்பூல் பல்கலைக்கழக உளவியலாளர்கள் முதியவர்களிடம் சோதித்தார்கள். சொற்கள் கிளப்பிய நினைவுகள் பெரும்பாலும் 11 முதல் 25 வயதுக்குள் விழுந்தன. மணம் கிளப்பியவை 6 முதல் 10 வயதுக்குள். ரசகற்பூர உருண்டை வாசம் பட்டதும் பாட்டியின் டிரங்குப் பெட்டி திறந்துகொள்வது சும்மா இல்லை.

பாட்டு அவ்வளவு பின்னால் போகாது. பதின்பருவத்தில் கேட்டவைதான் அதிகம் ஒட்டிக்கொள்கின்றன. ஆனால் வேண்டும்போது போட்டுக்கொள்ளலாம், நாலு பேரோடு சேர்ந்து கேட்கலாம். மறதி நோய் முற்றியவர்கள்கூடப் பழகிய பாட்டோடு சேர்ந்து முணுமுணுப்பது உண்டு. ஆனால் ஒன்று, அதையே தினமும் கேட்டால் பழைய நாள் விலகி, இன்றைய பாட்டாகிவிடும்.

தனிமையில் துவண்டிருப்பவருக்கு நான் பாட்டைத்தான் சொல்வேன். வாசனை கேட்காமல் வரும். சில சமயம் வேண்டாத ஆஸ்பத்திரி நாட்களையும் கூட்டிவரும்.