மெடிக்கல் அசிஸ்டென்ட் டிப்ளமாவில் போன 85,000 ரூபாய்: கொழிஞ்சாம்பாறைப் பக்கத்துப் பெற்றோருக்கு ஓர் எச்சரிக்கை

ப்ளஸ் டூ முடித்த பிள்ளையை அடுத்து எதில் சேர்ப்பது என்று யோசித்துக்கொண்டிருக்கும், பாலக்காடு மாவட்டத்தின் கொழிஞ்சாம்பாறை, வடகரப்பதி, எருத்தேன்பதி பக்கத்துப் பெற்றோர் இதை முழுவதும் படிக்க வேண்டுகிறேன். ‘மெடிக்கல் அசிஸ்டென்ட் டிப்ளமா’ என்று சொல்லி நடத்தப்படும் ஒரு தனியார் பயிற்சி நிலையத்தில் என் மகளைச் சேர்த்து 85,000 ரூபாய் கட்டினோம். அங்கே கொடுத்த சான்றிதழுக்கு எந்த மதிப்பும் இல்லை என்பது சென்ற வாரம்தான் உறுதியாயிற்று. புகார் கொடுக்கவிருப்பதால் நிலையத்தின் பெயரை எழுத வேண்டாம் என்று வழக்கறிஞர் சொல்லியிருக்கிறார். கடைக் கட்டடத்தின் மாடியில், கண்ணாடிக் கதவும் குளிர்சாதனமும், வெள்ளைக் கோட்டு அணிந்த பிள்ளைகளின் பெரிய படங்களுமாக இருக்கும் வகை என்று மட்டும் சொல்லிக்கொள்கிறேன்.

நாங்கள் நம்பியது எதனால் என்பதைச் சொன்னால்தான் அடுத்தவருக்குப் பயன்படும். என் மகள் பத்தாம் வகுப்பு வரை தமிழ் வழியில் படித்தவள். பாலக்காட்டில் எந்தக் கல்லூரியில் விசாரித்தாலும் அவளுக்கு மலையாளம் எழுத வருமா என்பதே முதல் கேள்வியாக இருந்தது. இங்கே சேர்க்கைப் பிரிவில் இருந்தவரோ நாங்கள் உட்கார்ந்ததுமே நம் பக்கத்துத் தமிழில், “தமிழ் மீடியமா? ஒண்ணும் கவலைப்படாதீங்கண்ணா, நானும் வேலந்தாவளத்துக்காரன்தான். உங்க பொண்ணு எங்க வீட்டுப் பொண்ணு மாதிரிங்க” என்றார். பாடக் குறிப்புகள் தமிழிலேயே தரப்படும், மூன்று மாத வகுப்புக்குப் பிறகு மூன்று மாதம் மருத்துவமனைப் பயிற்சி, முடித்தவுடன் வேலை என்று வரிசையாகச் சொன்னார். முதலில் உதவியாளர், இரண்டு வருட அனுபவத்துக்குப் பின் ஸ்டாஃப் நர்ஸ், பிறகு சூப்பர்வைசர் என்று ஒரு தாளில் படிகள் வரைந்தும் காட்டினார். என் மனைவியின் கண் அந்தத் தாளைவிட்டு அகலவில்லை. குடும்பஸ்ரீ அயல்கூட்டம் என்னும் மகளிர் குழுவில் அவள் எடுத்த கடனும், ஒரு கறவை மாட்டை விற்ற பணமும் அன்றே அந்த மேசைக்குப் போயின.

முதலில் 60,000 ரூபாய் வாங்கினார்கள். பிறகு, அமெரிக்காவின் சி.எம்.ஏ. (சர்ட்டிஃபைடு மெடிக்கல் அசிஸ்டென்ட்) தேர்வை இங்கிருந்தபடியே எழுதலாம், எழுதினால் வெளிநாடு நிச்சயம் என்று சொல்லி, தனிநபர் ஒருவரின் எண்ணுக்கு ஜிபேயில் 25,000 ரூபாய் போடச் சொன்னார்கள். மொத்தம் 85,000. அந்தத் தேர்வை நடத்துவது அமெரிக்க மருத்துவ உதவியாளர் சங்கம் என்பதும், அந்நாட்டு அங்கீகார அமைப்புகள் ஏற்ற படிப்பை முடித்தவர்களுக்கே முதன்மையாக அது உரியது என்பதும், தேர்ச்சி பெற்றாலும் அதனால் விசா கிடைத்துவிடாது என்பதும் பின்னால் விசாரித்துத் தெரிந்துகொண்டவை. கொழிஞ்சாம்பாறை மாடி வகுப்பில் படித்த பிள்ளைக்கு அங்கே என்ன வழி இருக்க முடியும்?

பயிற்சியைப் பற்றி அதிகம் எழுத ஒன்றுமில்லை. ஒரே ஒரு பி.பி. கருவியை வகுப்பு முழுவதும் சுற்றிவிட்டார்கள். ஊசி பழகவென்று வைத்திருந்த பொம்மைக்கு ஒரு கை இல்லை. மருத்துவமனைப் பயிற்சி என்று அனுப்பிய சிறு கிளினிக்கில், என் மகள் டோக்கன் கொடுத்து, மேசை துடைத்து, மாலையில் பூட்டும்வரை நின்றாள். ஒரு நோயாளியின் நாடியைக்கூட அவள் தொட்டுப் பார்க்கவில்லை.

சான்றிதழை எடுத்துக்கொண்டு பாலக்காட்டில் ஒரு தனியார் மருத்துவமனைக்குப் போனபோது, அங்கிருந்த மூத்த செவிலியர், மலையாளி அம்மா ஒருவர், அதைத் திருப்பிப் பார்த்துவிட்டு எங்களை உட்கார வைத்துப் பொறுமையாகச் சொன்னார். எத்தனை வருட அனுபவம் இருந்தாலும் உதவியாளர் நர்ஸ் ஆகிவிட முடியாது, அதற்குத் துணைச் செவிலியர் படிப்பான ஏ.என்.எம்., மூன்று வருட நர்சிங் டிப்ளமாவான ஜி.என்.எம்., நான்கு வருட பி.எஸ்சி. நர்சிங் ஆகியவற்றில் ஒன்றை முடித்து நர்சிங் கவுன்சிலில் பதிவு செய்ய வேண்டும். லேப் வேலை என்றால் பாராமெடிக்கல் கவுன்சில் பதிவைக் கேட்பார்கள். நோயாளிக்குத் துணைசெய்யும் வேலைக்கு ஜெனரல் டியூட்டி அசிஸ்டென்ட் என்று பெயர். அதற்குச் சுகாதாரத் துறைத் திறன் கவுன்சிலின் மதிப்பீட்டுச் சான்றிதழ் உண்டு. மருத்துவருக்கு அடுத்த நிலையில் பணிபுரிய ஆசை என்றால், தமிழ்நாட்டில் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் கீழ் பி.எஸ்சி. பிசிஷியன் அசிஸ்டென்ட் என்றே ஒரு பட்டப்படிப்பு இருக்கிறது. எங்கள் கையில் இருந்த தாளில் இவற்றில் எந்த அமைப்பின் பெயரும் இல்லை. ஏதோ ஓர் அறக்கட்டளையின் தங்க முத்திரை மட்டுமே இருந்தது. காசு வாங்காமல் அந்த அம்மா கால் மணி நேரத்தில் சொன்னதை, 85,000 வாங்கியவர்கள் ஆறு மாதத்திலும் சொல்லவில்லை.

பணத்தைத் திருப்பிக் கேட்கப் போனதிலிருந்து அந்த வேலந்தாவளத்துக்காரருக்குத் தமிழ் மறந்துவிட்டது. தொலைபேசியில் அழைத்தால் “நாளெ விளிக்காம்” (நாளை கூப்பிடுகிறேன்) என்று மலையாளத்தில் சொல்வார். அந்த நாளை வருவதே இல்லை. நேரில் போனால் சார் மீட்டிங்கில் இருக்கிறார், தலைமை அலுவலகம் எர்ணாகுளத்தில் இருக்கிறது, மின்னஞ்சல் அனுப்புங்கள். அனுப்பினோம், பதில் இல்லை. வாட்ஸ்அப்பில் இரண்டு நீல டிக் விழும், அதோடு சரி. கடைசியாக ஒரு பெண் வந்து ரசீதை நன்றாகப் படித்துப் பார்க்கச் சொன்னாள். 60,000 ரூபாய்க்கு அவர்கள் கொடுத்த ரசீதில் ‘நன்கொடை, திருப்பித் தரப்பட மாட்டாது’ என்று ஆங்கிலத்தில் பொடி எழுத்தில் அச்சடித்திருக்கிறது. கறவை மாட்டை விற்று நன்கொடை கொடுக்கும் வள்ளல்கள் என்று எங்களை எழுதிவைத்திருக்கிறார்கள்! 25,000 ரூபாயைப் பற்றிக் கேட்டதற்கு, அந்த எண் யாருடையது என்றே தெரியாது என்றாள்.

என்னென்ன சரிபார்க்க வேண்டும் என்று விரிவாக எழுதத்தான் தொடங்கினேன். எழுத எழுதக் கோபம்தான் வருகிறது. சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சான்றிதழ் தருவது எந்தக் கவுன்சில், எந்தப் பல்கலைக்கழகம் என்று எழுத்தில் கேளுங்கள். கேரளத்தில் பாராமெடிக்கல் டிப்ளமாக்களுக்கான அரசு ஒதுக்கீட்டுச் சேர்க்கையை எல்.பி.எஸ். மையம் நடத்துகிறது, முதலில் அங்கே பாருங்கள். ரசீதில் ‘கட்டணம்’ என்று இல்லையென்றால் பணம் கொடுக்காதீர்கள். தனிநபர் எண்ணுக்கு எதையும் அனுப்பாதீர்கள். அனுப்பிவிட்டால் உடனே இணையப் பண மோசடிக்கான புகார் எண் 1930க்கு அழையுங்கள். நுகர்வோர் உதவி எண் 1915. செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுக்கக் கட்டணம் கிடையாது.

அதே மாடியில் இப்போது புதிய வகுப்புக்குச் சேர்க்கை நடக்கிறது. எங்களைப் போல நன்கொடை ரசீது வைத்திருப்பவர்கள் அதன் நகலோடும் ஜிபே விவரத்தோடும் தொடர்புகொண்டால், பாலக்காடு ஆணையத்துக்கு எல்லோரும் சேர்ந்தே போகலாம்.