கினி பிக் தீவனம்: நீண்ட நாள் பயன்பாட்டில் தேறியதும் தேறாததும்

தீவனச் செலவில் பெரும்பங்கு உலர்புல்லுக்குப் போக வேண்டும். பெல்லட்டுக்கு, அதாவது அரைத்து அழுத்திய குச்சித் தீவனத்துக்குப் போகிறதென்றால் கணக்கு எங்கோ பிசகுகிறது. கினி பிக்கின் பல் ஆயுள் முழுக்க வளரும். நார் மிகுந்த புல்லை அரைத்து மென்றால்தான் கடைவாய்ப் பல் தேயும். பெல்லட் நாலு கடியில் நொறுங்கிவிடும், பல்லுக்கு வேலையே இல்லை. வளர்ந்த ஒன்றுக்கு ஒரு நாளைக்கு 2 மேசைக்கரண்டி பெல்லட் போதும்.

டிமோத்தி புல் விலை அதிகம், ஆனால் கொடுத்த காசு வீணில்லை. ஓட்ஸ் புல்லும் கைகொடுக்கும். சில கடைகளில் 'ஹே' (உலர்புல்) என்று நெல் வைக்கோலைக் கட்டிக் கொடுப்பார்கள். கசக்கிப் பாருங்கள்: புல்லென்றால் பச்சை தெரியும், மணம் வரும், இலை இருக்கும். மஞ்சளாக, வெறும் குழல் தண்டாக நொறுங்கினால் அது படுக்கைக்கு ஆகும், வயிற்றுக்கு ஆகாது. குதிரைமசால் (ஆல்ஃபால்ஃபா) ஆறு மாதத்துக்குட்பட்ட குட்டிக்கும் சினைக்கும் சரி. வளர்ந்தவற்றுக்கு அதன் கால்சியம் சிறுநீர்ப்பைக் கல்லில் கொண்டுபோய் விடலாம்.

வைட்டமின் சி-யில்தான் பலரும் சறுக்குவது. நம்மைப் போலவே கினி பிக்கின் உடலும் அதைத் தயாரிக்காது. உடல் எடை கிலோவுக்கு நாளொன்றுக்கு 10 முதல் 30 மில்லிகிராம் வேண்டும். தண்ணீரில் கலக்கும் சொட்டு மருந்து வீண் செலவு: வெளிச்சத்தில் சத்து சிதையும், ருசி மாறினால் தண்ணீரே குடிக்காது. முயல் பெல்லட்டில் பெரும்பாலும் வைட்டமின் சி சேர்ப்பதில்லை. கினி பிக் பெல்லட்டிலும் நாளாக ஆகக் குறையும், நம்மூர் வெயிலில் இன்னும் வேகமாக. தயாரித்த தேதி பார்த்து, சின்னப் பொட்டலமாக வாங்குங்கள். குடைமிளகாய் 25 கிராம் தினமும் கொடுத்தால் இந்தத் தலைவலியே இல்லை.

கொத்தமல்லி கொஞ்சம், கழுவிய அருகம்புல் தாராளம். பாலக்கும் முருங்கைக்கீரையும் எப்போதாவது. கொய்யா வாரத்துக்கு ஒரு சிறு துண்டு. வெங்காயம், பூண்டு, உருளைக்கிழங்கு, அவகாடோ கூடவே கூடாது. புல்வெட்டும் எந்திரத்தில் வெட்டிக் குவித்த புல்லும் வேண்டாம். சூடேறிப் புளித்து வயிறு உப்பும். புதுக் காய் எதுவானாலும் ஒரு நேரத்தில் ஒன்று, சிறிதளவில்.

வாங்கியதிலேயே உருப்படியானது சமையலறைத் தராசு. வாரம் ஒருமுறை நிறுத்தால், 50 கிராம் குறைந்ததுமே பிடிபடும். அரை நாள் எதையும் தொடவில்லையென்றால் மறுநாள் வரை காத்திருக்காமல் கால்நடை மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு போய்விடுங்கள்.