தொலைந்த கார் சாவிக்கு மாற்று: ஷோரூமா, சாவிக்கடையா, ஆன்லைனா?

ரிமோட் சாவி ஒன்று தொலைந்தால் எல்லோரும் முதலில் விசாரிப்பது விலையைத்தான். அதற்கு முன்னால் பார்க்க வேண்டியது, வேலை செய்கிற இன்னொரு சாவி கையில் இருக்கிறதா என்பது. எங்கே போகலாம் என்பதை அதுதான் முடிவு செய்யும்.

சாவிக்குள் இரண்டு தனித்தனி சங்கதிகள் உண்டு. பொத்தானை அழுத்தினால் கதவு திறப்பது ரிமோட்டின் வேலை. இன்ஜினைக் கிளம்ப விடுவது அரிசி அளவே இருக்கும் இம்மொபிலைசர் சிப். அதற்கு பேட்டரியே வேண்டாம். சிப் பொருந்தாவிட்டால் புதிதாக வெட்டிய சாவி அழகாகத் திரும்பும். டேஷ்போர்டில் சாவி விளக்கு மினுக்கும். வண்டி மட்டும் ஓடாது. (பொத்தான் மட்டும் மக்கர் செய்கிறதா? முதலில் பட்டன் செல்லை மாற்றிப் பாருங்கள்.)

ஷோரூமில் ஆர்.சி., அடையாள அட்டை எல்லாம் கேட்பார்கள். சாவி தொலைந்தது என்றால் போலீஸ் புகார் நகலும் கேட்கலாம். சாவி வர நாளாகும், பணமும் கூடுதல். ஆனால் தொலைந்த சாவியை வண்டியின் நினைவிலிருந்து அழித்துவிட்டு, மிச்சமிருப்பதைப் புதிதாகப் பதிவு செய்து தருவார்கள். அதற்கு எல்லா சாவிகளையும் எடுத்துப் போக வேண்டும். அதன்பிறகு தொலைந்த சாவி யார் கையிலாவது கிடைத்தாலும் கதவைத் திறக்கலாம், வண்டியை ஓட்டிப் போக முடியாது. சாவி திருட்டுப் போயிருந்தால் நான் யோசிக்காமல் இங்கேதான் போவேன். இன்ஷூரன்ஸில் சாவிக்கான ஆட்‌-ஆன் எடுத்திருந்தால் செலவிலும் ஒரு பகுதி திரும்பும்.

சாவி உடைந்துவிட்டது, அல்லது உபரியாக ஒன்று வேண்டும், அவ்வளவுதான் என்றால் சாவிக்கடையே போதும். விலை குறைவு, பெரும்பாலும் அன்றைக்கே வேலை முடியும், சிலர் வீட்டுக்கே மெஷினோடு வருவார்கள். அவரிடம் ஒன்று மட்டும் கேளுங்கள்: "குளோனா, புரோகிராமா?" குளோன் என்றால் இருக்கும் சிப்பின் நகல். வண்டிக்கு இரண்டும் ஒரே சாவி. நாளை ஒன்றை அழித்தால் மற்றதும் போய்விடும். புரோகிராம் என்றால், ஸ்டீயரிங்குக்குக் கீழே இருக்கும் ஓபிடி போர்ட்டில் (வண்டியின் கம்ப்யூட்டரோடு இணைக்கும் சாக்கெட்) மெஷினை மாட்டிப் புதுச் சிப்பைத் தனிச் சாவியாகப் பதிவு செய்வது. அதுதான் சரியான முறை. ரிமோட் இல்லாத, சிப் மட்டும் உள்ள சாவி இன்னும் மலிவு. வீட்டில் பத்திரமாக வைக்க அது தாராளம்.

ஆன்லைனில் ரிமோட் வாங்குவது எனக்கு உடன்பாடில்லை. படத்தில் பொத்தான்கள் ஒரே மாதிரி இருக்கும், உள்ளே சிப்போ அலைவரிசையோ வேறாக இருக்கும். சென்னை புதுப்பேட்டையின் பழைய உதிரிபாகக் கடைகளில் கிடைக்கும் பழைய ரிமோட்டிலும் இதே வம்பு: பல மாடல்களில் சிப் பழைய வண்டியோடு பூட்டப்பட்டிருக்கும். வெறும் மேலுறை வேண்டுமானால் தாராளமாக ஆன்லைனில் வாங்கலாம்.

கையில் ஒரு சாவியும் இல்லை என்றால் கதை வேறு. வண்டியை டோ செய்து ஷோரூமுக்குக் கொண்டுபோவதா, அந்த மாடலில் பழக்கமுள்ள சாவிக்காரரை வரவழைப்பதா என்று இரண்டு பக்கமும் விலை கேட்டுப் பாருங்கள். வண்டி வாங்கும்போது சாவியோடு வந்த எண் பொறித்த பட்டை இருந்தால் சாவி வெட்டுவதாவது சுலபமாகும்.

எங்கே செய்தாலும் பணம் கொடுக்கும் முன் பழைய சாவியைத் தள்ளி வைத்துவிட்டுப் புதியதால் வண்டியை இரண்டு மூன்று முறை கிளப்பிப் பாருங்கள். இரண்டும் ஒரே வளையத்தில் தொங்கினால் பழைய சிப்பைப் படித்தே வண்டி கிளம்பிவிடலாம்.